சங்கிலியை மாட்டியவன்

மரம் வெட்டும் நெட்டை அண்ணன் கொண்டுவந்த பழைய சங்கிலி ரம்பத்தில் பெயர்த்தகடே இல்லை. எவனோ புண்ணியவான் உடம்பு முழுக்கப் பச்சை பெயிண்ட் வேறு அடித்து வைத்திருந்தான். பார்த்ததுமே இன்ன மாடல் என்று அடித்துச் சொன்னேன். அதற்கு வரவழைத்த பிஸ்டன் உள்ளேயே போகவில்லை. என் மனைவிதான் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, உள்பக்கம் பெயிண்டைச் சுரண்டி, வார்ப்பில் பதிந்திருந்த மாடல் எண்ணைக் கண்டுபிடித்தாள். சரியான பிஸ்டன் வந்தது, இன்ஜின் உறுமியது.

"எப்படி மெக்கானிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் அண்ணன்.

"எல்லாம் அனுபவம்ண்ணே" என்று நான் மார்தட்டிக்கொண்டபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

எங்கள் கடையில் சங்கிலிப் பல்லைத் தீட்டுவது அவள் வேலை; பூட்டி மாட்டுவது என் வேலை. மாட்டிய அவசரத்தில் ஒரு கட்டையில் வைத்துப் பார்க்காமலே கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் திரும்பி வந்தார். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"என்ன மெக்கானிக், மரத்தை அறுக்கச் சொன்னா புகை போடுது! இன்னிக்கு வேலையே போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ரம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள்மேல் பாய்ந்தேன். "அரம் பிடிக்கத் தெரியலன்னா சொல்லித் தொலைக்கிறதுதானே! உன்னால என் பேரு நாறுது!"

அவள் ரம்பத்தை உள்ளே தூக்கிப்போனாள். மிச்சத்தையும் திட்டித் தீர்க்கலாம் என்று பின்னாலேயே போனேன். சங்கிலியை விரலால் காட்டினாள். பற்கள் அத்தனையும் பின்னோக்கி இருந்தன. நான்தான் திருப்பி மாட்டியிருந்தேன். அது மரத்தைத் தேய்க்குமே தவிர அறுக்காது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அந்தக் கதைதான் என் கதை.

அவள் கழற்றிச் சரியாக மாட்டினாள். வெளியே கொண்டுபோய் ஒரு கட்டையில் வைத்தாள். நொடியில் துண்டு கீழே விழுந்தது.

"அட! அப்ப என்னதான் தப்பு?" அண்ணன் என்னைத்தான் கேட்டார். அவளும் என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தேன். அவள் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தீட்டினதுதாண்ணே சரியில்ல" என்றாள் கடைசியில்.

"பரவால்ல தங்கச்சி. மெக்கானிக் பக்கத்துலயே இருக்காரு, கேட்டுக் கத்துக்கோ."

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எல்லோரும் போனபிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன். "நான் மாட்டினதுதான் தப்புன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களே சொல்வீங்கன்னுதான் அவ்வளவு நேரம் உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள்.