ஒன்பதாம் அறையின் தரை

படைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன முகாமைப் பள்ளிக்கூடமாக மாற்றும் வேலை. பன்னிரண்டு அறைகளுக்கும் டைல்ஸ் பதிப்பது நான், சாந்து சுமப்பது என் அண்ணி. அண்ணனைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே வாசல் வழியாகத்தான் கூட்டிப் போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். எவ்வளவு நிதானமான விசாரணை பாருங்கள், இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி வேலையிடத்தில் நாங்கள் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தண்ணீர் நிரப்பிய ரப்பர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தபோது ஒன்பதாம் அறை இடித்தது. மற்ற பதினொன்றும் ஒரே மட்டம், இது மட்டும் நாலு அங்குலம் உயரம். சுத்தியலால் தட்டினேன். சுவரோரம் கணீரென்றது, நடுவில் பொத்தென்றது.

"உடைச்சுப் பாத்துடலாம் தம்பி" என்றார் அண்ணி.

உள்ளே எலும்பு கிடைத்தால் அண்ணன் இல்லை என்றாகிவிடும். கிடைக்காவிட்டால் அண்ணி இன்னும் பதினோரு வருஷம் அவர் பங்குச் சோற்றை மூடி வைப்பார். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

கடப்பாரையோடு திரும்பி வந்தபோது கான்ட்ராக்டர் அறைக்குள் நின்றிருந்தார். முன்பு இந்த முகாமுக்கு மணலும் சிமெண்டும் சப்ளை செய்தவர். கோபப்படவே மாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"கடப்பாரை எதுக்கு மேஸ்திரி?"

"மட்டம் ஒத்துவரலைங்க. இதை நாலு அங்குலம் கொத்தி எடுக்கணும்."

"கொத்த வேண்டாம். மத்த பதினொண்ணையும் நாலு அங்குலம் ஏத்திடுங்க."

"ஒரு தரைக்காகப் பதினொரு தரையா? நல்லா இருக்கே நியாயம்" என்று சிரித்து வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கடப்பாரையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

"உங்க அண்ணன் இதுல இல்ல. வீணா உடைக்காதீங்க."

எனக்கு அண்ணன் உண்டென்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது.

அண்ணி சாந்துச் சட்டியை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கான்ட்ராக்டருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"அப்போ எதுல?"