ஏழாம் படி

கதிரவன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கொக்குகள்போல் குனிந்து நிமிர, கூவி விற்போரும் குறைத்துக் கேட்போரும் எழுப்பிய இரைச்சல் கடலையே நாணச் செய்த அம்முற்பகலில், அவ்வோசை அனைத்தையும் வாயிலிலேயே நிறுத்திவிட்டுத் தடித்த சுவர்களுக்குள் அமைதி காத்து நின்றது ஓர் ஒலிப்பதிவுக் கூடம்.

அறிவுசால் வாசகரே, உள்ளே நிகழ்ந்ததும் ஒரு பேரமே என்றால் நகையாதீர். கடல்கொண்ட மகனைத் தாயொருத்தி அழைக்கும் பாடலுக்கு இசையமைத்தவர், தனிக்குரலில் தொடங்கி, படிதோறும் சுதியை உயர்த்தி, குழலும் நரம்பும் முழவும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, ஏழாம் படியில் அத்தனையையும் சட்டென அடக்கிக் குரலொன்றையே உச்சத்தில் தனித்து நிறுத்தியிருந்தார். ஆறு படிகளும் பழுதற அமைந்தன. ஏழாவதில் மட்டும் அக்குரல் இனித்ததேயன்றிச் சுடவில்லை. பாடியவள் அவருடைய தங்கை. பெற்றோரை இழந்த நாள்முதல் அவர் கைபிடித்தே வளர்ந்தவள். தன் ஒரே மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பியிருந்தவள்.

"அழகாத்தான் இருக்கும்மா. அழகு யாருக்கு வேணும்? கேக்கறவன் வயிறு எரியணும்."

"பத்து தடவை பாடியாச்சு அண்ணா. என் வயித்துல இப்போ பசிதான் எரியுது."

யாவரும் நகைத்து ஓய்வுக்குக் கலைந்தனர். மீண்டும் கூடியபோது, இறுதியாக உள்ளே வந்த அண்ணனின் முகம் வாடித் தொங்கியிருந்தது.

"உன் பையன் போன கப்பல் மூழ்கிடுச்சாம்மா. ஒருத்தரும் பிழைக்கலையாம்."

சொன்ன கையோடு, பதிவைத் தொடங்குமாறு ஒலிப்பதிவாளருக்குக் கண் காட்டினார்! கருவியோர் கல்லாய்ச் சமைந்தனர். அவளோ அண்ணனையே நெடிது உற்றுநோக்கிவிட்டு, "வாசிங்க" என்றாள்.

ஆறு படிகள் ஏறின. ஏழாவதில் கருவிகள் அடங்க, அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு எழுந்த அக்குரல் கேட்டோர் குருதியை உறையச் செய்தது. குழலூதியவர் குழலை மடியில் நழுவவிட்டு முகம் பொத்தினார்.

"இதுதாம்மா, இதுதான்!" என்று அண்ணன் பூரித்து ஓடிவந்தார். "பொய்தான் சொன்னேன், கோவிச்சுக்காதே. கப்பலுக்கு ஒண்ணும் ஆகல."

"தெரியும். ஓய்வுல வாசல்ல நின்னு அவன்கிட்டதான் போன்ல பேசிட்டிருந்தேன். கரையில இறங்கிட்டானாம்."

அவர் ஓரடி பின்வாங்கினார். "அப்போ யாரை நினைச்சு அப்படிப் பாடினே?"

"எங்கண்ணனை. இப்பத்தானே செத்துப்போனாரு."

பாட்டுத்தாளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராது வெளியேறினாள்.

அப்பாடல் இன்று தெருவெங்கும் ஒலிக்கிறது. கேட்போர் கடல்கொண்ட மகனுக்காகக் கண்ணீர் உகுக்கின்றனர். இசையமைத்தவர் ஒருவரே, தாம் விரும்பிக் கேட்டுப் பெற்ற அவ்வுச்சத்தில், தமக்கான ஒப்பாரியைத் தாமே கேட்டு அமர்ந்திருக்கிறார்.