கவின்ராஜ் குடிக்கவில்லை

நகரத்தை ஒட்டிய போகாதி பக்கம் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்டின் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து கவின்ராஜ் விழுந்தபோது காலை பத்து மணி. பக்கத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்த பழனிமுத்து கண்ணால் பார்த்தான். காலடிப் பலகை நடுவில் முறிந்தது. அதில் வெடிப்பு விட்டிருப்பதை முந்தின நாளே இருவரும் மேஸ்திரி மகேந்திரனிடம் சொல்லியிருந்தார்கள். மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

பழனிமுத்து இறங்கி ஓடிவருவதற்குள் உயிர் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வருமுன் மகேந்திரன் தன் பைக்கிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்துவந்து, அழுதுகொண்டே கவின்ராஜின் சட்டையில் ஊற்றினான். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் பழனிமுத்துவைக் குழப்பிவிட்டது.

“நம்மூர்ப் பசங்க பன்னெண்டு பேரு என்னை நம்பி வந்திருக்காங்க பழனி. சைட்டை மூடிட்டா எல்லாரும் நடுத்தெருதான். போனவன் போயிட்டான்.”

கவின்ராஜ் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறினான் என்று மகேந்திரன் போலீசிடம் சொன்னான். பழனிமுத்துவும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டான்.

கவின்ராஜின் மனைவி ரூபா ஊதுபத்திக் கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் மாதேஸ்வரன் மலையில் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் அவன். சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்து முகர்ந்தவள், அப்படியே கொண்டுபோய் வாசல் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். சொந்த ஊரான ராமாபுரத்தில் எல்லாம் முடியும்வரை அழவில்லை. கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை. மகன் மானத்தை வாங்கிவிட்டான் என்று மாமியார் பாப்பம்மாள் புலம்பியதைப் பழனிமுத்து கேட்டுக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்தபோது சாரம் முழுக்கப் புதுப் பலகை. கவின்ராஜ் எப்போதுமே திருட்டுத்தனமாகக் குடிப்பான் என்று மகேந்திரன் சொல்லத் தொடங்கியிருந்தான். ஒருதரம் வாடை வந்தது என்று ஒரு பையனும் சேர்ந்துகொண்டான். சொல்லிச் சொல்லி மகேந்திரனே அதை நம்பிவிட்டான் என்று பழனிமுத்துவுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் தானும் நம்பிவிடுவோம் என்று பயம் வந்தது. அன்று மத்தியானமே பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனான். காரியம் முடிந்து ரூபா அங்கே தன் வாடகை அறைக்குத் திரும்பியிருந்தாள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

“நெசமா குடிக்கலீங்களாண்ணா?”

“இல்லம்மிணி. காத்தால டீதான் குடிச்சான்.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் மூஞ்சியக்கூடப் பாக்கல.”

ஸ்டேஷனுக்கு வந்து உண்மையை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான்.

மறுநாள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கிருந்த ஏட்டு பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டில் எது பொய் என்று கன்னடத்தில் கேட்டார். முதலில் சொன்னது என்றான் பழனிமுத்து. அப்படிப் பொய் சொன்னவனை இப்போது மட்டும் எப்படி நம்புவது என்றார். சட்டை எங்கே என்று கேட்டார். ரூபா தலையைக் குனிந்துகொண்டாள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும், அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் பழனிமுத்து உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

வெளியே வருவதற்குள் மகேந்திரனுக்குச் செய்தி போயிருந்தது. இனி சைட்டுக்கு வரவேண்டாம் என்று போன் வந்தது. ஊர்ப் பையன்கள் யாரும் பழனிமுத்துவின் அழைப்பை எடுக்கவில்லை.

“எங்க அத்தைகிட்ட வந்து இதச் சொல்லுவீங்களா?” என்று ரூபா கேட்டாள். “நான் சொன்னா நம்பாதுங்க.”

“வர்றேன்.”

ராமாபுரம் போவதற்காக ஏறிய கொள்ளேகால் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கடைசி சீட்டுக்குப் போனான். நரசீபுரம் தாண்டியதும் அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று விசாரித்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாப்பம்மாள் முன்னால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.