நண்டு வண்டிக்கு ஒரு பூமாலை

வண்டி கிளம்பும்போது, நண்டுப் பெட்டிக்குள் இரண்டு டிகிரி என்று போனில் காட்டியது. பாங் சபான் ஊரைத் தாண்டியதும் மூன்றரை. கொட்டகையில் நண்டு உடைத்துக் கறி எடுத்துக்கொண்டிருந்த எல்லாருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது.

நாலைத் தாண்டினால், எங்களிடம் வாங்கும் பாங்காக்காரர்கள் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் பெண்கள் சங்கம் அவர்களுக்கு அனுப்பும் முதல் லோடு இது. கெட்டுப்போனால் மறுபடியும் ஹெங் முதலாளி காலடிதான். படகுத்துறையில் வண்டியை நிறுத்திக்கொண்டு அவன் வாய்க்கு வந்த விலையைச் சொல்வான், நாங்கள் வாயை மூடிக்கொண்டு கொடுப்போம். அந்த ஆள் பிடியிலிருந்து தப்பிக்கத்தான் சங்கத்தை நடத்தும் சமோன் அக்கா பாங்காக்குக்கு நடையாய் நடந்தாள். வாங்குகிறவர்கள் வண்டியின் குளிர்ப் பெட்டிக்குள் ஒரு கருவியை வைத்து, உள்ளே எவ்வளவு குளிர் என்று எங்கள் போனிலேயே தெரியும்படி செய்துகொடுத்தார்கள். பார்க்கத்தான் முடியும். வேறு ஒரு மண்ணும் செய்ய முடியாது.

வண்டி ஓட்டுவது என் தம்பி பூன்சோங். சமோன் அக்கா அவனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனைப் பலகைமேல் வைத்தாள்.

"டேய், குளிர் மெஷினை நிறுத்திட்டு எங்கயாவது சோறு தின்னுட்டிருக்கியா?"

"சத்தியமா இல்லக்கா! ஓடிட்டுத்தான் இருக்கு. சத்தத்தைக் கேளுங்க."

கேட்டோம். மெஷின் நன்றாகவே உறுமியது.

"அப்புறம் ஏண்டா சூடு ஏறுது?"

"உள்ள போய்ப் பாத்தாதானே தெரியும்? கதவுலதான் சீல் போட்டு அனுப்பியிருக்காங்களே!"

சமோன் அக்கா பாங்காக்குக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு பெண் தேன் குரலில் பேசினாள்.

"சீல் உடைஞ்சா சரக்கை எடுக்க மாட்டோம்மா."

"உடைக்காம சூடு ஏறிடுச்சுன்னா?"

"அப்பவும் எடுக்க மாட்டோம்மா."

அந்தத் தேன் குரலை ஒரு அறை அறையலாம் போலிருந்தது எனக்கு.

"பயப்படாதீங்க. மே யா நாங் உள்ளயேதானே இருக்கா, பாத்துக்குவா," என்றாள் கூட உட்கார்ந்து நண்டு உடைத்த லம்டுவான்.

எங்கள் படகுகளின் மூக்கில் படகுத் தெய்வமான மே யா நாங் தாய்க்கு மாலையும் கலர் துணியும் கட்டாமல் யாரும் கடலில் இறங்க மாட்டோம். வண்டிக்கும் அவள்தான் காவல். பூன்சோங் சீட்டுக்கு எதிரே, வண்டிக் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு மாலை தொங்கியது. ஆனால் அது டிரைவருக்கு, நண்டுக்கு யார் காவல் என்று கேட்டாள் சமோன் அக்கா. அதனால் கதவு மூடுவதற்கு முன்னால், குளிர் மெஷினின் விசிறிக்கு முன்னே இருந்த கம்பி வலையில் மூன்று கலர் ரிப்பனோடு பெரிய மல்லிகை மாலையாகக் கட்டினாள். அப்போது மெஷின் ஓடவில்லை. நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் கும்பிட்டோம்.

ஐந்து டிகிரி. ஆறு.

வழியில் ஐஸ் வாங்கி வண்டியின் கூரைமேல் பரப்பச் சொன்னோம். பரப்பினான். "ரோட்ல போறவனெல்லாம் சிரிக்கிறான்கா," என்றான். ஹுவா ஹின்னில் எட்டு. லம்டுவான் வத்தி ஏற்றி, "தாயே, நீ உள்ளதானே இருக்கே, கொஞ்சம் கண்ணைத் திறயேன்," என்று போனையே கும்பிட்டாள்.

அதற்குள் ஒருத்தி, பூன்சோங் ஹெங்கிடம் காசுக்குக் கைநீட்டியிருப்பான் என்றாள். என் தம்பியைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் புருஷன் புத்தி எல்லாருக்கும் இருக்குமா?" என்று கத்தினேன். கத்திவிட்டேனே தவிர, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கூடப் பிறந்தவனைச் சந்தேகப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது.

சாயங்காலம் பாங்காக்கில் கதவு சீலை உடைத்துத் திறந்தார்கள். பதினோரு டிகிரி. ஒரு நண்டுக்கறி டப்பாவைக்கூட இறக்கவில்லை. தேன் குரல்காரி எங்கள் எல்லாருக்கும் ஒரு படம் அனுப்பினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை ரிப்பன்கள் வலைக்குள் இழுபட்டு விசிறியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தன. மெஷின் குளிரை உண்டாக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதை ஊதிவிட விசிறி சுற்றவில்லை. சமோன் அக்கா போட்ட முடிச்சு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது.

கைநீட்டியிருப்பான் என்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சமோன் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. பூன்சோங்.

"அக்கா, இந்த மாலையை என்ன பண்றது? இங்க குப்பையில போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல."

சமோன் அக்கா கையிலிருந்த நண்டு ஓட்டைக் கூடையில் போட்டுவிட்டு, துண்டில் கையை அழுத்தித் துடைத்தாள்.

"கொண்டா தம்பி. பத்திரமாக் கொண்டா," என்றாள். "ஹெங் வண்டியில கட்டுவோம். இனிமே நம்ம நண்டு போற வண்டி அதுதானே."