கிறிஸ்பின் விற்காத நாய்

கொலீமா ஊரில், பழம்பொருள் சேர்க்கும் பெரிய புள்ளி டான் எலியொடோரோவை ஏமாற்றுகிற துணிச்சல் யாருக்கு வரும்? பிரிஸ்காவின் புருஷன் கிறிஸ்பினுக்கு வந்து தொலைத்தது. போன மழைக்காலத்தில் தானே சுட்ட மண்நாயை, பழங்காலக் கல்லறையில் தோண்டி எடுத்தது என்று சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டான். இப்போது அவருடைய எலுமிச்சைக் கிடங்கில் கைகால் கட்டுண்டு கிடக்கிறான். மதியத்துக்குள் அசல் நாய் வந்தால் ஆள் உயிரோடு வீடு திரும்புவான், இல்லையென்றால் இல்லை.

அசல் ஒன்று வீட்டில் இருந்தது. கல்யாணமான வருஷம் கிறிஸ்பின் நிஜமாகவே ஒரு பழங்காலக் கல்லறைக் குழிக்குள் இறங்கி எடுத்தது. யார் கேட்டும் விற்காமல் மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தான். கொழுகொழுவென்று சிவப்பு நாய். பிரிஸ்கா அதைச் சால்வையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

டான் எலியொடோரோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"கரும்புள்ளி எங்கே? அத்தனை காலம் மண்ணுக்குள்ள கிடந்தா மேலெல்லாம் கறுப்பா புள்ளி விழுந்திருக்கணும். இது நேத்து சுட்டது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என் காதுல பூ சுத்துறீங்களா?"

"ஐயோ, இருந்துச்சுங்கய்யா! அழுக்குன்னு நினைச்சு நான்தான் எலுமிச்சம்பழச் சாறும் மணலும் போட்டுத் தேய்ச்சேன். பெரியவங்க வீட்டுக்கு அழுக்கோட எப்படிக் கொண்டு வர்றதுன்னு..."

"நல்லாத்தான் கதை விடறே."

வாசலில் நின்ற அடியாள் நாபோரைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் இடுப்புத் துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டே கிடங்குப் பக்கம் நடந்தான்.

பிரிஸ்கா டான் எலியொடோரோ முன்னால் விழுந்தாள். அவர் காலைப் பிடித்தாள், உதறினார். என்னதான் செய்வாள், பாவம்? மேசை மேலிருந்த நாயைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள். சிதறிய ஓடுகளில் ஒன்றைப் பொறுக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உள்பக்கம் பாருங்க! அங்கே என் கை போகலையே! பாருங்கய்யா!"

உள்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி. வேர் ஓடிய தடம்கூட இருந்தது.

"அசல்," என்றார். உடனே ஜன்னலுக்கு ஓடிக் கத்தினார். "டேய் நாபோர்! நில்லுடா! வேணாம்டா!"

கிடங்கிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

பிரிஸ்கா அந்த ஓட்டுத் துண்டைப் பிடித்தபடியே நின்றாள். டான் எலியொடோரோ தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது, நாய்க்காக.

"ஏன் கழுவினே, பாவி? ஏன்டி கழுவினே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.