கடல்ல யாரு?

கூரை வேலைக்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மன்றக் கட்டடத்தின் வாசல் குறுகல் என்பதால் கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்ததில் மாவுக்கட்டுப் போட்ட கால் நிலையில் இடித்து, மனிதர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "பரவால்ல, பரவால்ல, உள்ள கொண்டு போய்ப் போட்டுட்டு அப்புறமா என் காலப் பாருங்கப்பா" என்று அந்த வலியிலும் கெஞ்சினார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ரொட்டிக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. அவர் மலைபோல் நம்பியிருந்த ஆள் இந்தக் கூரை வேலைக்காரர்தான்.

அந்த ஊரில் தலைவர் பதவி கூட்டத்துக்கு வராதவருக்குத்தான் கிடைக்கும். இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். சாரம் ஒன்றுதான். தாத்தாக்கள் காலத்தில் ஒரு புயல் படகுத்துறையை அடியோடு பிடுங்கிக்கொண்டு போனது. புதுத் துறை வேண்டுமானால் ஊர் சார்பில் பேச ஒரு ஆள் வேண்டும், பெயரைச் சொல்லுங்கள் என்று மேலிடத்து அதிகாரி வந்து நின்றார். மீன் ஏலக் கொட்டகையில் கூடியிருந்த ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பெயரைக் கொடுத்தால் நாளைக்கு எது நடந்தாலும் நம் கழுத்தைத்தான் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். அப்போது ஒரு புண்ணியவான், "கடல்ல யாரு இருக்கா?" என்று கேட்டான். தோணிக்காரர் ஒருவர் மட்டும் மீன் பிடிக்கப் போயிருந்தார். பொழுது சாய்ந்து கரையேறியவரை "வாங்க தலைவரே" என்று வரவேற்றார்கள். கேலி செய்கிறார்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தாராம். ஆனால் படகுத்துறை வந்துவிட்டது. அதோடு இந்த முறையும் நிலைத்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கூட்டம். அன்று ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாது. மன்றத்துக்குள் தெருவாரியாக நிற்பார்கள். எழுத்தர் ஒவ்வொரு தெருவாகப் பார்த்து "கடல்ல யாரு?" என்பார். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு "எல்லாரும் கரையில" என்று தெரு பதில் சொல்லும். மலைக்குப் போயிருந்தாலும், மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாலும், வராதவர் கடலில் இருப்பவர்தான். பிரசவத்துக்குப் போயிருந்த ஆசிரியை ஒரு தடவை கடலில் இருந்தார். கைக்குழந்தையோடு வந்து பதவியேற்று ஊருக்கு மருந்தகத்தைக் கொண்டுவந்தார். சின்னத் திருட்டுக்காக ஜெயிலில் இருந்தவர் ஒரு தடவை. அவரைப்போல் நாணயமான தலைவர் வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். திருடுவதற்கு மன்றத்தில் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். பதவியை வாய்விட்டுக் கேட்பது மட்டும் அங்கே ஆகாது. ஒரு மனிதர் ஆசையை அடக்க முடியாமல் "நான் வேணா இருக்கட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தார். சாகும்வரை அவர் பெயர் 'இருக்கட்டுமா' என்றே ஆகிவிட்டது.

பழைய தலைவர்களின் படங்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றில் ஒன்று உப்பு வியாபாரியுடையது. அவர் கூட்டத்துக்கு வரவில்லை என்றதும் கைதட்டி, ஆரவாரத்தோடு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். மனிதர் காலையிலேயே நாற்காலியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்திருந்தார். ஆனாலும் முறைப்படி வந்தவர் ஆயிற்றே என்று அவர் படத்தையும் மாட்டிவிட்டார்கள்.

ரொட்டிக்காரர் கடலில் இருந்தது பல் டாக்டரின் நாற்காலியில். பக்கத்து நகரத்தில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே நின்று கைதட்டுகிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. அன்று பிடித்த சனி. சாக்கடை அடைத்தால் அவர், தெருவிளக்கு எரியாவிட்டால் அவர், கடற்சுவரின் கல் பெயர்ந்தால் அவர். மேலிடத்து அலுவலகத்துக்குப் போனால் நாள் முழுக்க வராந்தாவில் காத்திருக்க வேண்டும். அப்படிப் போகிற நாளெல்லாம் அடுப்படியில் நின்றது அவர் மனைவி.

அதுதான் இப்போது வினையாகிவிட்டது. மழைக்காலத்தில் ஆரம்பித்த இளைப்பு அவளுக்கு வெயில் வந்தும் நிற்கவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். மாவுத் தூசியும் அடுப்புப் புகையும் இனி அவளுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலைக்கு ஆள் வைக்கிற அளவுக்குக் கடை பெரிசில்லை. அவர் முழுநேரமும் அடுப்படியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். யாரும் கடலில் இல்லையென்றால் பழைய தலைவரே தொடர வேண்டும் என்பது ஊர் முறை. முறையை மீறி எழுந்து போகிற துணிச்சல் அவருக்கு இல்லை. இன்றைக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், வராமல் இருக்க மாட்டாரா என்று விடிந்ததிலிருந்து மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார்.

எழுத்தர் எழுந்து தொண்டையைச் செருமினார். "துறைத் தெரு. கடல்ல யாரு?"

"எல்லாரும் கரையில!"

"கோடித் தெரு?"

"எல்லாரும் கரையில!" கட்டிலில் கிடந்த கூரை வேலைக்காரரின் குரல்தான் அதில் உரக்கக் கேட்டது.

ரொட்டிக்காரர் மிச்சமிருந்த தெருக்களை விரல் விட்டு எண்ணினார். இன்னும் மூன்று வருஷம். அவள் மறுபடியும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மாவு சலிப்பாள்; கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்பாள்.

"ரொட்டிக்கடைத் தெரு. கடல்ல யாரு?"

பதில் வரவில்லை. அந்தத் தெருவுக்காகக் குரல் கொடுப்பது அடுத்த வீட்டில் வலை பின்னுகிற பெண். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், எக்கி இன்னொரு தரம் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள் ரொட்டிக்காரரிடம். "அக்கா உங்ககூட வரலியா?"

யாரோ கைதட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

'முன்னாடி போங்க, நான் அடுப்ப அணைச்சுட்டு வந்துர்றேன்' என்றுதான் காலையில் சொன்னாள். அவரும் தன் கவலையிலேயே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அடுப்பை அணைத்தால் புகை கிளம்பும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறக்கும். தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம். நிமிர்ந்தவர் கண்ணில் சுவரிலிருந்த உப்பு வியாபாரி பட்டுத் தொலைத்தார். அடுத்த கணம் ரொட்டிக்காரர் மேசையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். பின்னாலேயே கூட்டமும் கிளம்பியது. "என்னையும் தூக்கிட்டுப் போங்கய்யா!" என்று கூரை வேலைக்காரர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மன்றத்திலிருந்து கடைக்கு இறங்குகிற சரிவில் செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினார். கடைக் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். அடுப்படி இருட்டு. சந்து வழியாகச் சுற்றிப் பின்கட்டுக்கு ஓடினார்.

அவள் காலி மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. காலில், வெளியூர் போகும்போது மட்டும் போடுகிற செருப்பு.

"கேட்டு முடிச்சாச்சா?" என்றாள்.

"நீ... உனக்கு..."

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. உக்காருங்க மொதல்ல. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

போன உயிர் திரும்பி வந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கமே இல்லாமல் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு சுளையை நீட்ட, வாங்கி மென்றார். அவ்வளவு இனிப்பான ஆரஞ்சை அவர் தின்றதே இல்லை. அதை விழுங்கிய பிறகுதான் கோபம் வந்தது.

"ஏன் வரல?"

"கடல்ல இருந்தேன்."

"விளையாடாத. உசுரே போயிடுச்சு எனக்கு. சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"சொன்னா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பீங்க. இல்லன்னா உங்க வாய் சும்மா இருக்காது, ஊரே சிரிச்சிருக்கும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சந்தில் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆசப்பட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றாள் அவளும் அதே தணிந்த குரலில். "நீங்க அந்த வராந்தாவுல காத்துக் கெடந்த நாள்ல எல்லாம் ஜனங்க யாருகிட்ட வந்து சொன்னாங்கன்னு நெனச்சீங்க? எந்தத் தெருவுல எந்தக் குழா ஒடஞ்சிருக்குன்னு எனக்குத்தான தெரியும். டாக்டர் அடுப்பத்தானங்க வேணாம்னாரு. ஊர வேணாம்னு சொல்லலியே."

நேற்று இரவுகூட ஒரே படுக்கையில் பக்கத்தில் படுத்திருந்தாள். இப்படி ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படி ஒன்றும் தெரியாதவள்போல் தூங்கினாளோ. சிரிப்பு வந்தது.

கூட்டம் பின்கட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வலை பின்னுகிற பெண் "பயமுறுத்திட்டீங்களேக்கா" என்று அழுதேவிட்டாள். ஐஸ் கம்பெனிக்காரருக்கு மட்டும் சட்டம் நினைவுக்கு வந்தது.

"அதெப்படி, ஒரே வீட்டுக்கே ரெண்டு தடவையா? மொற இல்லியே" என்றார்.

எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அப்ப நீங்க இருக்கீங்களா?"

ஐஸ் கம்பெனிக்காரர் இரண்டடி பின்னால் போய் யார் காலையோ மிதித்தார். கூட்டம் சிரித்தது.

"வாங்க தலைவரே" என்றார் எழுத்தர்.

அவள் தோல்களைப் பொறுக்கிக் கணவன் கையில் கொடுத்தாள். "இத எங்கயாவது போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, துணியை உதறி எழுந்து முன்னால் நடந்தாள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. விளக்கு, சாக்கடை, கடற்சுவர் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தரும் ரொட்டிக்காரர் பக்கம் திரும்பவில்லை. தோல்களைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அவர் வந்தபோது கூட்டத்தின் வால்தான் கிடைத்தது. ஒற்றைச் செருப்போடு கடைசி ஆளாக நடந்தார். மனசு பஞ்சாகப் பறந்தது.

சரிவின் பாதியில் கூட்டம் நின்றது.

அவருக்கு முன்னால் முதுகுகள்தான். எம்பிப் பார்த்தும் அவள் தெரியவில்லை. இடித்துக்கொண்டு முன்னேறப் போனவரை வலை பின்னுகிற பெண் கையால் மறித்தாள்.

"இருங்கண்ணே. அக்கா மூச்சு வாங்குறாங்க."

யாரும் யாரையும் தள்ளவில்லை. பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள் சத்தமில்லாமல் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் எதற்கோ வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். கீழே அலை வந்து கல்லில் மோதித் திரும்பியது. முன்னால் எங்கோ நீளமாக ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம் அவ்வளவு பேரையும் தாண்டி அவர் காதில் விழுந்தது. பிறகு முன்வரிசைத் தலைகள் அசைந்தன, அவற்றுக்குப் பின்னால் இருந்தவை அசைந்தன, கடைசியில் அவரும் காலை எடுத்து வைத்தார்.