ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவன்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகக் கண்ணம்மை சொல்லியிருந்தாள். செம்மல் ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிட்டான். இலுப்பூர் கடைவீதியில் அந்த நேரத்துக்கு டீக்கடையைத் தவிர வேறெதுவும் திறந்திருக்காது. மைக் செட் கடைக்கு விடிந்ததும் விடியாததுமாக யார் வரப்போகிறார்கள்? குழாய் ஸ்பீக்கர்களைத் துடைத்தான். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தான். பிறகு போனை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு பழைய கச்சேரியில் வாசித்த பதினான்கு பாட்டுகளின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தான்.

"பரீட்சைக்குப் போற பிள்ளையாட்டம் முணுமுணுக்குறீங்க," என்றாள் அவன் மனைவி சுகுணா, இட்லித் தூக்கை மேசையில் வைத்தபடி. "உள்ளதைச் சொல்லிப்புட்டா குடியா முழுகிப் போகும்?"

முழுகித்தான் போகும். அவளுக்கு எங்கே தெரியும் அந்தக் கஷ்டம்.

ஊருக்கு அவன் போடுவது அம்மன் பாட்டும் காதுகுத்து வீட்டுச் சினிமாப் பாட்டும். அவன் காதுக்குப் பிடித்ததோ உறுமுகிற கிட்டாரும் இடி இறங்குகிற டிரம்ஸும். அந்த இசையை மெட்டல் என்று சொன்னால் இலுப்பூரில் ஜல்லிக் கடைக்குத்தான் வழிகாட்டுவார்கள். இப்படித் தனிமரமாகக் கிடந்தவனுக்கு ஊரடங்கு சமயத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப் கிடைத்தது. 'சனிக்கிழமை சத்தம்' என்று பெயர். மொத்தம் பதினோரு பேர், மதுரை, சென்னை, துபாய் என்று ஆளுக்கொரு ஊர். சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் போனில் கூடுவார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைப் போடுவார், மற்றவர்கள் அதைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர், தான் நேரில் பார்த்த கச்சேரியைச் சொல்ல வேண்டும்.

செம்மலின் முறை வந்தபோது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாயிரத்துப் பதிமூன்றில் பெங்களூரில் 'ஃபர்னஸ் நைன்' குழுவினர் வந்தார்களே, அதற்குப் போயிருந்ததாகச் சொன்னான். மேடையிலிருந்து நாலாவது வரிசையில் நின்றானாம். மழையாம். பக்கத்தில் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் விழுந்துவிட, இவனையும் சேர்த்து நாலு பேர் அவனைத் தூக்கி நிறுத்தினார்களாம். மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் முட்டி மோதி ஆடும் இடத்தில் அது எழுதாத சட்டம். எவன் விழுந்தாலும் சுற்றியிருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் அவனைத் தூக்குவார்கள். எல்லோருடைய கச்சேரிக் கதையிலும் அப்படி ஒருவன் விழுந்து எழுவான். தன் கதையிலும் ஒருவன் விழட்டுமே என்று செம்மல் சேர்த்துக்கொண்டான், அவ்வளவுதான். குரூப்பில் ஆகா ஓகோ என்றார்கள். அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் சொன்னான். போன மாதம் மூன்றாவது முறை சொன்னபோது மழை இன்னும் பலமாகப் பெய்தது.

உண்மையில் அவன் உள்ளேயே போகவில்லை. டிக்கெட் இருந்தது. திருவரங்குளத்தில் ஒரு திருவிழாவுக்குக் கட்டிய செட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறியவன், தோள்பையை இறக்கி வைக்க மறந்துவிட்டான். பைக்குள் கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கத்தி. வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதை எங்கேயாவது வைத்துவிட்டு வரலாம் என்று கடை கடையாகக் கெஞ்சி, ஒரு பெட்டிக்கடையில் விட்டுவிட்டுத் திரும்பினால் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். கச்சேரி முழுவதும் மதிலுக்கு வெளியே ஜெனரேட்டர் வண்டிப் பக்கத்தில் நின்றான். இதைச் சுகுணாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

இப்போது கண்ணம்மை வருகிறாள். குரூப்பில் சேர்ந்து இரண்டே மாதம். சென்னையில் வேலை, திருமயம் பக்கம் சொந்த ஊர். வீட்டு விசேஷத்துக்கு ஊருக்கு வந்தவள், "அந்த பெங்களூர் கச்சேரியப் பத்தி உங்ககிட்ட நேர்ல கேக்கணும்ணே" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து செம்மலுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த யாரோ அங்கே இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மழையே இல்லை என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் மானம் கப்பலேறப் போகிறது. அந்தச் சனிக்கிழமை போய்விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பதினொன்றேகாலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும்.

"வாங்க ஆச்சி, வாங்க," என்றான். செட்டியார் வீட்டுப் பெண்களை எந்த வயதானாலும் அந்தப் பக்கத்தில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குரூப்ல கண்ணம்மைன்னுதானே கூப்புடுவீங்க. திடீர்னு என்ன ஆச்சி?" என்று சிரித்தாள்.

சுகுணா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முதல் பாட்டு எது என்று கண்ணம்மை கேட்பாள், டிரம்ஸ் வாசித்தவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்பாள். செம்மல் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அவள் அப்படி எதையும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு கண்ணாடி. இடது பக்கக் காம்பு உடைந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"எங்க அண்ணனோடது. அழகுன்னு பேரு," என்றாள். "அப்ப பெங்களூர்ல படிச்சுக்கிட்டிருந்தான். அந்தக் கச்சேரிக்குப் போயிட்டு மறுநாள் எனக்குப் போன் பண்ணுனான். கூட்டத்துல கீழ விழுந்துட்டேன், செத்தேன்னு நெனச்சேன், யாரோ நாலு பேரு தூக்கி நிறுத்துனாங்கன்னு சொன்னான். நான் அப்ப பத்தாவது. வீட்ல சொல்லிடாத, அடுத்த தடவ ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்னான். கூட்டிட்டுப் போகல. கொரோனால போயிட்டான்."

செம்மல் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன மாசம் நீங்க சொன்னப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சுண்ணே. கண்ணாடி போட்ட பையன், நாலு பேரு. எல்லாம் அப்படியே இருந்துச்சு." அவள் கண் நிறைந்திருந்தது. "தூக்கிவிட்டப்ப அவன் என்ன சொன்னான்? ஏதாச்சும் சொல்லியிருப்பான்ல?"

இத்தனை நாள் மாட்டிக்கொள்வோமே என்று பயந்தவனுக்கு இது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. மாட்டிக்கொள்ளவே வேண்டாம். தேங்க்ஸ் அண்ணே என்றான், சிரித்தான் என்று ஒரே ஒரு வரி போதும். அவள் சந்தோஷமாகக் கார் ஏறிவிடுவாள். வாய்கூடத் திறந்துவிட்டது. ஆனால் அவன் சொல்லப்போகிற அந்த வரியை இந்தப் பெண் சாகிறவரை தன் அண்ணன் சொன்னதாக வைத்துக்கொள்வாள். பெற்றவளிடம் போய்ச் சொல்வாள். இறந்துபோன பிள்ளையின் வாயில் தான் எப்படிப் பேச்சை வைப்பது?

"நான் உள்ள போகலம்மா," என்றான்.

"என்னது?"

"உள்ளேயே போகல. டூல்ஸ் பை இருந்துச்சுன்னு விடல. நான் யாரையும் தூக்கல. சொன்னதெல்லாம் பொய்யி."

கண்ணம்மை கூட்டை மூடினாள். 'டப்' என்ற அந்தச் சத்தம் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

"எதுக்குண்ணே இப்படி?"

"வெளிய நின்னவன் கதைய யாரு கேப்பா?"

அவள் எழுந்து கடைப்படி வரை போய்விட்டாள். செம்மல் பின்னாலேயே போனான். ஏதாவது பேசாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது, அதனால் பேசினான்.

"ஜெனரேட்டர் வண்டிப் பக்கத்துல நின்னேன். மூணாவது பாட்டு பாதியில டக்குனு எல்லாம் நின்னு போச்சு. எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. மைக் செட்காரனுக்கு அதவிடப் பயம் வேற இல்ல. ஆனா ஜெனரேட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. லைன் போயிருச்சாண்ணேன்னு ஆபரேட்டரக் கேட்டேன். அவரு சிரிச்சாரு. எவனோ விழுந்துட்டான் தம்பி, அவனத் தூக்குற வரைக்கும் வாசிக்க மாட்டாங்கன்னாரு. கொஞ்ச நேரத்துல உள்ள மொத்தக் கூட்டமும் கத்துச்சு. எந்திரிச்சுட்டான்னாரு. அப்பறம்தான் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிச்சாங்க."

கண்ணம்மை திரும்பினாள். "அது எங்க அண்ணனா?"

"தெரியாதும்மா. ஒரு கச்சேரில எத்தனையோ பேரு விழுவாங்க. நான் யாரையும் பாக்கல. கேட்டது மட்டும்தான்."

"இத ஏன் நீங்க குரூப்ல சொல்லல?"

"லைன் போயிருச்சான்னு கேட்டவன் நானு. கேவலமா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "கத்துனாங்கன்னீங்களே, எப்படிக் கத்துனாங்க?"

அவன் யோசித்தான். இந்த முறை ஒரு சொட்டு மழையைக்கூடச் சேர்க்கக் கூடாது என்று யோசித்தான். "தேர் நெலைக்கு வந்ததும் நம்ம பக்கம் கத்துவாங்கள்ல, அதே மாதிரி."

"எவ்வளவு நேரம் நிறுத்துனாங்க?"

"ஒரு நிமிஷம் இருக்கும். அதுக்கு மேல இருக்காது."

கண்ணம்மை படியிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை இத நீங்களே குரூப்ல சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லிர்றேன்."

"இப்ப அந்த மூணாவது பாட்டப் போடுங்க."

பட்டப்பகலில் இலுப்பூர் கடைவீதியில் அந்தப் பாட்டா என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, வாசலில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் விட்டான். டிரம்ஸ் இறங்கியதும் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். சுகுணா உள்ளேயிருந்து ஓடிவந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

பாட்டு பாதிக்கு வந்தது.

"நிறுத்துங்க," என்றாள் கண்ணம்மை.

நிறுத்தினான். பெரிய சத்தம் நின்ற பிறகு கடைக்குள் காது அடைத்ததுபோல இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணம்மை கண்ணை மூடியிருந்தாள், விரல்கள் கூட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. செம்மல் போன் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு முடியவே இல்லை.

கண்ணம்மை கண்ணைத் திறந்தாள்.

"எந்திரிச்சுட்டான். இப்பப் போடுங்க."